கேட்பவர் அல்ல, நேயர்: வானொலி விசுவாசம் ஓர் எளிய விளக்கம்

பத்திரிகைக்கு வாசகர் உண்டு, கச்சேரிக்கு ரசிகர் உண்டு, கடைக்கு வாடிக்கையாளர் உண்டு. வானொலி கேட்பவருக்கு மட்டும் தமிழில் 'நேயர்' என்று பெயர். நேயம் என்றால் அன்பு. முகம் தெரியாத ஒரு குரலைக் காதால் மட்டும் அறிந்தவருக்கு 'அன்புடையவர்' என்று பெயர் வைத்த மனிதர் விஷயம் தெரிந்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும். (தொலைக்காட்சியும் பின்னாளில் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. அது கடன்.)

இந்த அன்பை ஊடகத் துறையில் 'நேயர் விசுவாசம்' என்பார்கள். முப்பது வருடம், நாற்பது வருடம் ஒரே நிலையத்தைக் கேட்பது. ஒரு குறிப்பிட்ட அறிவிப்பாளரின் குரலுக்காகக் காத்திருப்பது. அவர் ஓய்வு பெற்றால் வீட்டிலிருந்து ஒருவர் ஊரைவிட்டுப் போனது மாதிரி இருப்பது. எல்லாம் ஒரு பெட்டியிலிருந்து வரும் சத்தத்துக்காக! கொஞ்சம் விநோதம்தான். ஆனால் இது தற்செயலாக உண்டாவதில்லை. இதற்குச் சில காரணங்கள் உண்டு, இதை அளக்க வழியும் உண்டு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பிடித்திருப்பது வேறு, விசுவாசம் வேறு. உங்கள் தெருமுனையில் இரண்டு டீக்கடைகள் இருக்கின்றன. புதுக்கடையில் டீ நன்றாக இருக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். ஆனாலும் காலையில் கால் பழைய கடைக்குத்தான் போகிறது. ஒருநாள் டீ தண்ணியாக இருந்தது என்று திட்டிவிட்டு, மறுநாளும் அங்கேயே போய் நிற்கிறீர்கள். பிடித்ததற்காகப் போனால் பிடிக்காத அன்று போகமாட்டோம். விசுவாசம் பிடிக்காத அன்றுதான் தெரியும். வானொலியில் அதற்குச் சமமானது, பிடிக்காத பாட்டு வந்தும் முள்ளைத் திருப்பாமல் இருப்பது.

பொது வானொலி என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் சொல்லிவிடலாம். லாபத்துக்காக நடத்தப்படாத, மக்களின் பணத்தில் நடக்கிற வானொலி. அந்தப் பணம் எப்படி வருகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் பிபிசிக்கு வீட்டுக்கு வீடு உரிமக் கட்டணம். அமெரிக்காவில் பெரும்பாலும் கேட்பவர்களின் நன்கொடை. இந்தியாவில் அரசு நிதி. நம் ஊரிலும் 1980களின் நடுப்பகுதி வரை வானொலிப் பெட்டி வைத்திருந்தால் தபால் நிலையத்துக்குப் போய் வருடாவருடம் உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இலங்கை வானொலி இதில் ஒரு கலப்பு ரகம்: நிலையம் அரசுடையது, ஆனால் அதன் வர்த்தக சேவை விளம்பரம் வாங்கியது.

விசுவாசம் எப்படி உண்டாகிறது என்பதைப் புரிந்துகொள்ள அந்த இலங்கை வானொலியைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். தமிழ்நாட்டில் நாம் 'சிலோன் ரேடியோ' என்று சொன்னது அதைத்தான். கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கியது 1925 டிசம்பரில். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படை தன் தேவைக்காக ஏகல என்ற இடத்தில் 100 கிலோவாட் ஒலிபரப்பியை நிறுவியது. போர் முடிந்ததும் அந்த வலுவான கருவி இலங்கையின் கைக்கு வந்தது. 1950-இல் வர்த்தக சேவை தொடங்கியபோது, ஒரு சின்னத் தீவின் குரல் தெற்காசியா முழுவதும் கேட்பதற்கு வேண்டிய சக்தி தயாராக இருந்தது.

கேட்க ஆள் வேண்டுமே? அந்த வேலையை இந்தியாவே செய்துகொடுத்தது. 1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. சாஸ்திரிய சங்கீதம்தான் மக்களை மேம்படுத்தும் என்று நம்பினார். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் ஏறக்குறைய மறைந்தே போயின. பாட்டு கேட்க வேண்டியவர்கள் முள்ளைக் கொழும்புக்கு நகர்த்தினார்கள். இதுவரைக்கும் இதில் விசுவாசம் எதுவும் இல்லை. ஒரு கடையில் சரக்கு இல்லை, அடுத்த கடைக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

சுவாரசியமான பகுதி அதற்கு அப்புறம். தப்பை உணர்ந்த டெல்லி, 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதியைத் தொடங்கியது. அதே பாட்டு, அதே பாடகர்கள், இப்போது உள்ளூரிலேயே. கணக்குப்படி பார்த்தால் போனவர்கள் எல்லோரும் திரும்பியிருக்க வேண்டும். பலர் திரும்பவில்லை. 1960களிலும் 70களிலும் தமிழ்நாட்டின் டீக்கடைகளிலும் தையற்கடைகளிலும் சிலோன் ரேடியோ பாடிக்கொண்டுதான் இருந்தது. வடக்கிலும் இதே நிலை. அமீன் சயானி தொகுத்து வழங்கிய பினாக்கா கீத்மாலா என்ற இந்தித் திரைப்பாட்டு நிகழ்ச்சி 1952-இல் சிலோனில் தொடங்கி, விவித் பாரதி வந்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது.

பாட்டு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அப்படியானால் வேறு எதுவோ ஒன்று அவர்களைப் பிடித்து வைத்திருந்தது. அது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருந்த குரல்.

வர்த்தக சேவையின் தமிழ்ப் பிரிவில் அந்த வழியைத் திறந்தவர் எஸ். பி. மயில்வாகனம். அவருக்குப் பின் வந்தவர்களில் கே. எஸ். ராஜா மூச்சுவிடாமல் பேசுகிற வேகத்துக்குப் பெயர் போனவர். படத்துக்கு விளம்பரம் சொன்னால்கூடப் படத்தைவிட விளம்பரம் நன்றாக இருக்கும். ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலில் காலை நேரத்து 'பொங்கும் பூம்புனல்' என்றாலே பலருக்குப் பல் தேய்க்கும் ஞாபகம் வரும். பி. எச். அப்துல் ஹமீத் ல, ள, ழ மூன்றையும் தனித்தனியாக எடுத்து வைக்கிற மனிதர். இந்தியக் காதுக்கு அவர்கள் தமிழ் கொஞ்சம் புதிது. பேச்சாகவும் இருந்தது, எழுத்து மாதிரி சுத்தமாகவும் இருந்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் அந்தக் காலப் பள்ளிக்கூட மேடைகளில் பேசிய பையன்களில் பாதிப் பேர் அவர்களை அப்படியே ஒப்பித்தவர்கள்தான்.

அமெரிக்க சமூகவியலாளர்கள் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் இருவரும் 1956-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இப்படிப்பட்ட உறவுக்குப் பெயர் வைத்தார்கள். அவர்கள் சொன்னதைத் தமிழில் 'ஒருதலை நட்பு' எனலாம். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தினமும் வருகிற ஒருவரை, நேரில் பழகிய ஒருவரைப் போலவே மனம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அவர் எப்படிச் சிரிப்பார், எதற்கு எரிச்சல்படுவார், இன்று சளி பிடித்திருக்கிறதா என்பதெல்லாம் நமக்குத் தெரியும். நம்மைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒருதலைக் காதலுக்குக் கைக்கிளை என்று நம் இலக்கணத்தில் பெயர் இருக்கிறது. ஒருதலை நட்புக்குப் பெயர் வைக்க வேண்டிய தேவை அந்தக் காலத்தில் வரவில்லை, வானொலி இல்லையே!

இது ஏமாளித்தனம் என்று நினைக்கக் கூடாது. நேயருக்குத் தான் பேசுவது அவருக்குக் கேட்காது என்று நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே பதில் சொல்கிறார். செய்தி வாசிப்பவர் "வணக்கம்" என்றால் "வணக்கம் அம்மா" என்று சமையலறையிலிருந்து சொல்கிற பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்தது.

ஆனால் வானொலி முழுக்க ஒருதலையாக விட்டுவிடவில்லை. ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வைத்தது: அஞ்சலட்டை. நேயர் விருப்பம் என்ற பெயரில் பாட்டுக்கு முன்னால் வாசிக்கப்படும் பெயர்ப் பட்டியலை நினைத்துப் பாருங்கள். கேட்கிற எவருக்கும் அந்தப் பட்டியலில் ஒரு பயனும் இல்லை. பாட்டைத் தாமதப்படுத்துவது தவிர அது வேறெதுவும் செய்யாது. ஆனால் தன் பெயர் வந்துவிடும் என்று காத்திருக்கும் ஒருவருக்கு அந்த இரண்டு விநாடிதான் நிகழ்ச்சி. இன்றைய ஜார்க்கண்டில் ஜும்ரி தலையா என்று ஒரு சிற்றூர் உண்டு. மைக்கா சுரங்கத்தை விட்டால் அதற்கு வேறு பெருமை கிடையாது. அங்கிருந்து சிலோனுக்கும் விவித் பாரதிக்கும் போட்டி போட்டுக்கொண்டு அட்டைகள் போனதில், பாட்டுக் கேட்கிற இந்தியர் எல்லோருக்கும் அந்த ஊரின் பெயர் தெரிந்துபோனது. ஊர் எங்கே இருக்கிறது என்றுதான் யாருக்கும் தெரியாது.

அட்டை எழுதுவதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. உழைப்பு. ஒன்றுக்காகச் சிரமப்பட்டால் அதன்மேல் பிடிப்பு கூடும். சிற்றலை (ஷார்ட் வேவ்) வரிசையில் நிலையம் பிடிப்பதும் சிரமமான வேலைதான். முள்ளை மயிரிழை அளவு நகர்த்த வேண்டும். குரல் மங்கும், ஒரு அலை போல உயர்ந்து தாழும், நடுவில் எங்கிருந்தோ ஒரு சீன ஒலிபரப்பு குறுக்கே வரும். ஏரியல் கம்பியைக் கொல்லைப்புறத்துத் தென்னை மரம் வரை இழுத்துக் கட்டியவர்கள் உண்டு. இவ்வளவு செய்து பிடித்த ஒன்றைப் பக்கத்து நிலையத்தில் நல்ல பாட்டு வருகிறது என்பதற்காக விட்டுவிடுவோமா?

நம்பிக்கை என்று ஒரு காரணமும் உண்டு. பாட்டு இல்லாத இடங்களில் அது நன்றாகத் தெரியும். 1960களின் நடுப்பகுதியில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை-27 என்ற புது நெல் ரகம் வந்தது. அதிக விளைச்சல் தரும் என்று விவசாயிகளுக்குச் சொன்னதில் திருச்சி வானொலிக்குப் பெரிய பங்கு. சொன்னதைக் கேட்டுப் பயிரிட்டார்கள். ரகத்தின் எண் யாருக்கு ஞாபகம் இருக்கும்? 'ரேடியோ நெல்' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். விதையை வானொலி தரவில்லை, வானொலி சொன்னது மட்டும்தான். ஒரு வருட வருமானத்தை வைத்து ஆடுகிற விஷயத்தில் ஒரு குரலை நம்பி வயலில் இறங்குவது சாதாரணமில்லை.

அதே விவசாய ஒலிபரப்பிலிருந்து வந்தவர்தான் தென்கச்சி கோ. சுவாமிநாதன். விவசாயப் பட்டதாரி. சென்னை வானொலியில் 'இன்று ஒரு தகவல்' சொல்ல ஆரம்பித்தார். காலையில் சில நிமிடம், ஏற்ற இறக்கமில்லாத கிராமத்துக் குரல், முடிவில் ஒரு நகைச்சுவை. பயிற்சி பெற்ற வானொலிக் குரல் என்று சொல்வதற்கு அதில் ஒன்றும் கிடையாது. அதுதான் காரணமோ என்னவோ, திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற மாதிரியே இருக்கும். கேட்டுவிட்டுத்தான் ஆபீசுக்குக் கிளம்புவது என்று வைத்திருந்தவர்கள் சென்னையில் எத்தனையோ பேர்.

'கேட்டுவிட்டுத்தான் கிளம்புவது.' இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் இதுதான். வானொலியை யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்பதில்லை. குளிக்கும்போது, மாவாட்டும்போது, சவரம் செய்யும்போது, பையனுக்குத் தலை சீவும்போது கேட்கிறோம். அந்த வேலைகள் தினமும் அதே நேரத்தில் வருகின்றன. குரலும் அதே நேரத்தில் வருகிறது. நாளடைவில் வேலையும் குரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. காலை 7.15-க்கு டெல்லியிலிருந்து "செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி" என்று வந்தால், எங்கள் வீட்டில் அது செய்தி நேரம் மட்டும் இல்லை. இரண்டாவது இட்லித் தட்டு இறங்கும் நேரம், சாக்ஸ் தேடும் நேரம். அவர் சுமார் 35 வருடம் செய்தி வாசித்தார். அத்தனை வருடத்தில் அவர் வாசித்த செய்திகளில் இன்று எனக்கு நினைவிருப்பவை மிகக் குறைவு. அந்த நேரத்தின் வாசனை நினைவிருக்கிறது. 2022 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது, அஞ்சலி எழுதிய பலரும் அவர் பெயரைவிட அந்த வாக்கியத்தைத்தான் முதலில் எழுதினார்கள்.

ஆக, நேயர் விசுவாசம் என்பது குரலின் மேல் இருக்கிறதா, நிலையத்தின் மேல் இருக்கிறதா, அந்த நேரத்தின் மேல் இருக்கிறதா? மூன்றும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும்வரை சொல்ல முடியாது. ஒன்றை உருவி எடுத்தால்தான் தெரியும். நல்லவேளையாகப் பிரிட்டனில் அப்படி உருவியிருக்கிறார்கள், அளந்தும் வைத்திருக்கிறார்கள்.

அளப்பது எப்படி என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். வானொலி ஆய்வில் இரண்டு கேள்விகள் முக்கியம். ஒன்று, வாரத்தில் எத்தனை பேர் எட்டிப் பார்த்தார்கள். இன்னொன்று, எட்டிப் பார்த்தவர் எவ்வளவு நேரம் இருந்தார். முதலாவது கூட்டம், இரண்டாவதுதான் விசுவாசம். வாரத்துக்கு 20 மணி நேரம் வானொலி கேட்கும் ஒருவர் அதில் 14 மணி நேரத்தை ஒரே நிலையத்துக்குக் கொடுத்தால், அவருடைய கேட்பில் 70 சதவீதம் அந்த நிலையத்துக்கு. வேறெந்த நிலையத்தையும்விட இதை அதிகம் கேட்பவரை 'மைய நேயர்' என்ற கணக்கில் வைப்பார்கள். அமெரிக்கப் பொது வானொலிக்கு இந்தக் கணக்கு உயிர்நாடி. ஏனென்றால் கேட்பவர்களில் சிறு பகுதியினர்தான் பணம் அனுப்புகிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் இந்த மைய நேயர்கள். இலவசமாகவே கேட்கலாம் என்று தெரிந்தும் பணம் அனுப்புவது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் கேபிஎஃப்ஏ என்ற நிலையம் 1949-இலிருந்தே அந்த நம்பிக்கையில் நடக்கிறது.

சரி, பிரிட்டனுக்கு வருவோம். பிபிசி ரேடியோ 2-இல் காலை நிகழ்ச்சி நடத்தியவர் டெர்ரி வோகன், அயர்லாந்துக்காரர். 1972 முதல் 1984 வரை ஒரு சுற்று, 1993 முதல் 2009 வரை இன்னொரு சுற்று. கடைசிக் காலத்தில் அவரைக் கேட்டவர்கள் சுமார் 80 லட்சம் பேர். அவருடைய தீவிர நேயர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயரைத் தமிழில் 'டெர்ரியின் பெருசுகள்' என்று சொல்லலாம். கூட்டம் போட்டார்கள், நாட்காட்டி அச்சடித்து விற்றுத் தர்ம காரியத்துக்குக் கொடுத்தார்கள். 2009 டிசம்பரில் அவர் விடைபெற்றார். அவர் இடத்துக்கு கிறிஸ் எவன்ஸ் வந்தார், வோகனுக்கு நேர் எதிர் குணம், ஆர்ப்பாட்டமான ஆள். பெருசுகள் எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். ஓடவில்லை. கேட்பவர் எண்ணிக்கை கூடத்தான் செய்தது.

எவன்ஸ் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, 2019 ஜனவரியில் விர்ஜின் ரேடியோ என்ற தனியார் நிலையத்துக்குப் போனார். அதே காலை நேரம், அதே ஆள். ரேடியோ 2-இல் அவரைச் சுமார் 90 லட்சம் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். புது இடத்தில் அவருக்குக் கிடைத்தவர்கள் சுமார் 10 லட்சம். மீதிப் பேர் அதே இடத்தில் உட்கார்ந்து, புதிதாக வந்த ஸோயி பாலைக் கேட்டார்கள்.

இதோடு நிறுத்தினால் 'நிலையம்தான் பெரிது, குரல் சும்மா' என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் கென் புரூஸ் கதை குறுக்கே வருகிறது. ரேடியோ 2-இல் முற்பகல் நிகழ்ச்சியை 31 வருடம் நடத்திய ஸ்காட்லாந்துக்காரர். 2023 மார்ச்சில் விலகி, ஏப்ரலில் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் ரேடியோ என்ற தனியார் நிலையத்தில் சேர்ந்தார். அதற்கடுத்த காலாண்டில் ரேடியோ 2 சுமார் 10 லட்சம் நேயர்களை இழந்தது. புது நிலையம் கிடுகிடுவென்று வளர்ந்தது.

எவன்ஸால் கூட்டிப்போக முடியாததை புரூஸ் எப்படிச் செய்தார்? பலர் பல காரணம் சொல்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இது: எவன்ஸ் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அவர் போன நிலையம் சாதாரண எஃப்எம் பெட்டியில் கிடைக்காது, டிஜிட்டல் கருவி வேண்டும். சமையலறை ரேடியோவை மாற்ற வேண்டும் என்றால் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். புரூஸ் போன நிலையம் பல ஊர்களில் எஃப்எம்மில் இருந்தது. போட்ட பாட்டும் அதே பழைய பாட்டு வகை. அதோடு, 'பாப்மாஸ்டர்' என்ற தன் பாட்டு வினாடி வினாவையும் கையோடு எடுத்துப்போனார். அந்தப் பெயருக்கான உரிமை அவரிடம் இருந்தது. பத்தரை மணிக்கு டீயும் கையுமாக உட்கார்ந்து, போட்டியாளருக்கு முன்னால் பதில் சொல்லிப் பார்ப்பது என்ற பழக்கம் அப்படியே இடம் மாறியது. மனிதர் வீட்டை மாற்றியபோது திண்ணையையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு அப்துல் ஹமீத்தான் நினைவுக்கு வந்தார். இலங்கையில் போர் மூண்ட பிறகு அந்தத் தமிழ்ச் சேவையின் குரல்கள் சிதறின. கே. எஸ். ராஜா கொழும்பில் கொல்லப்பட்டார். பலர் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் போனார்கள். ஹமீத் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிக்கு வந்தபோது தனியாக வரவில்லை. வானொலியில் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு'வையும் கூட்டிக்கொண்டு வந்தார். முகத்தை முதன்முதலாகப் பார்த்தவர்களுக்கும் அது பழைய ஆள்தான். அடுத்த எழுத்து என்ன வரும் என்று வீட்டில் சத்தம் போடுகிற பழக்கம் ஏற்கெனவே இருந்ததே. அமீன் சயானியும் 1989-இல் விவித் பாரதிக்கு மாறியபோது கீத்மாலாவோடுதான் மாறினார்.

விசுவாசம் நிலையத்தைக் காப்பாற்றியதும் உண்டு. 2010 மார்ச்சில் பிபிசி, செலவைக் குறைக்க 6 மியூசிக் என்ற டிஜிட்டல் நிலையத்தை மூடப்போவதாகச் சொன்னது. தொடங்கி எட்டு வருடம்தான் ஆகியிருந்தது, கேட்பவர்களும் குறைவு. ஆனால் அந்தக் குறைவான பேர் சும்மா இருக்கவில்லை. கடிதம், ஆர்ப்பாட்டம், இணையத்தில் பிரசாரம் என்று இறங்கினார்கள். சண்டையைப் பார்த்த மற்றவர்களும் 'அப்படி என்னதான் இருக்கிறது' என்று கேட்க வந்தார்கள். வாராந்திர நேயர் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. ஜூலையில் பிபிசியின் மேற்பார்வைக் குழு மூடும் திட்டத்தை நிராகரித்தது. நிலையம் இன்றும் நடக்கிறது.

எப்போதும் இப்படி நடக்காது. 2006-இல் பிபிசியின் ரேடியோ 4 நிலையம், அதிகாலை 5.30-க்கு ஒலித்துவந்த 'யூகே தீம்' என்ற நாட்டுப்புற மெட்டுகளின் கதம்பத்தை நிறுத்தியது. ஐந்து நிமிட இசைதான். ஆனால் ஏறக்குறைய முப்பது வருடமாக அந்த இசையோடு கண்விழித்தவர்கள் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள்வரை விஷயம் போனது. நிலையம் மசியவில்லை. அந்த இடத்தில் செய்திச் சுருக்கம் வந்தது. கோபித்தவர்களில் பெரும்பாலோர் அந்தச் செய்திச் சுருக்கத்தைக் கேட்டுக்கொண்டே கோபித்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். திட்டிக்கொண்டே பழைய டீக்கடைக்குப் போவதைச் சொன்னேனே.

விசுவாசத்துக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. விசுவாசமான நேயர் வயதாகிக்கொண்டே போகிறார். அவருக்குப் பிடித்ததையே கொடுத்தால் இளையவர் வரமாட்டார். இளையவருக்காக மாற்றினால் இவர் வருந்துவார். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நிலையத்தில் ஒரே முன்னிசையை எத்தனையோ வருடம் மாற்றாமல் வைத்திருந்தார்கள். நேயர்களின் அன்பு அதற்குக் காரணமா, புதிதாக ஒன்று செய்யச் சோம்பலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. விசுவாசம் இருக்கிறது என்ற தைரியத்தில் தரத்தைக் கோட்டைவிட்ட நிலையங்கள் நிறைய. நேயர் உடனே போகமாட்டார். அதனால் தப்பு நடந்தது நிலையத்துக்குத் தாமதமாகத்தான் தெரியும்.

இப்போது கைபேசியில் எந்த நிகழ்ச்சியையும் எந்த நேரத்திலும் கேட்கலாம். குரல் இருக்கிறது, நிலையமும் செயலி வடிவில் இருக்கிறது. நேரம் மட்டும் நம் கைக்கு வந்துவிட்டது. இது வசதி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மேலே சொன்ன கணக்கின்படி பார்த்தால், பின்னலில் ஒரு இழை போய்விட்டது.

பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே மாதம் லண்டனிலிருந்து தொடங்கியது. 'தமிழோசை' என்ற பெயர் பின்னால் வந்தது. இலங்கையில் போர் நடந்த வருடங்களில் இருபக்கத்துச் செய்தியையும் தெரிந்துகொள்ள இரவு 9.15-க்கு அதைத் திருப்பியவர்கள் கடலின் இரு கரைகளிலும் இருந்தார்கள். 76 வருடத்துக்குப் பிறகு 2017 ஏப்ரல் 30 அன்று சிற்றலையில் அது கடைசியாக ஒலித்தது. செய்தி நிற்கவில்லை. இணையத்தில் முன்பைவிட அதிகமாகவே வந்தது, படத்தோடு, காணொளியோடு.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அவர் மகன் அதைக் கைபேசியில் எடுத்துக் காட்டினான். நன்றாக இருக்கிறது என்றார். அப்புறமும் சில மாதம் இரவுச் சாப்பாடு முடிந்ததும் 9.15-க்கு ரேடியோவைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டார், சும்மா கிடந்தால் ஒழுகிவிடும் என்று.